உப்புச் சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்

அறிவியல் வகுப்பில் செய்த ஓர் ஆய்வை நினைத்துப் பாருங்கள். மூன்று சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு ஆணி. முதல் குழாயில் சாதாரண நீர். இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறிய நீரும் அதன்மேல் எண்ணெய்ப் படலமும். மூன்றாவதில் நீரே இல்லை; காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் கால்சியம் குளோரைடு மட்டும். சில நாள் கழித்துப் பார்த்தால் முதல் குழாயில் இருந்த ஆணி மட்டும் துருப்பிடித்திருக்கும். இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், உயிர்வளியும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. இதுதான் பாடம்.

இப்போது ஆணி இருந்த இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளையும், சோதனைக் குழாய் இருந்த இடத்தில் பிரிட்டன் நாட்டின் குளிர்காலச் சாலையையும் வைத்துப் பார்ப்போம். அங்கே நீரும் உண்டு, உயிர்வளியும் உண்டு. மூன்றாவதாக இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அதுதான் உப்பு.

சாலையில் ஏன் உப்பு?

பிரிட்டனில் ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, இரவில் வெப்பநிலை உறைநிலைக்கு இறங்கும் என்று வானிலை அறிவிப்பு வந்தால், உப்பு தூவும் லோரிகள் சாலைக்கு வந்துவிடும். பழுப்பு நிற உப்புக் கற்களைச் சுழன்று சுழன்று வீசிக்கொண்டே போகும். ஸ்காட்லாந்தில் இந்த லோரிகளுக்கு வேடிக்கையான பெயர்கள்கூட உண்டு. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் பெயரைச் சற்றே மாற்றி, ஒரு லோரிக்கு ‘கிரிட்னி ஸ்பியர்ஸ்’ என்று வைத்திருக்கிறார்கள்.

தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். அதில் உப்பு கரைந்தால் உறைநிலை கீழே இறங்கும். 100 கிராம் கரைசலில் ஏறக்குறைய 23 கிராம் உப்பு இருந்தால், அது மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. சாலையில் அவ்வளவு அடர்த்தி கிடைப்பதில்லை. அதனால் நடைமுறையில் மைனஸ் 8, மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் உப்பின் வேகம் குறைந்துவிடும். பிரிட்டனின் பெரும்பாலான குளிர்கால இரவுகளுக்கு அதுவே போதும். சாலையில் பனிக்கட்டி படியாததால் பல உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. ஆகவே, உப்பு தூவ வேண்டாம் என்று சொல்வதற்கில்லை.

அந்த உப்பின் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் வின்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில் ஒரு சுரங்கம் இருக்கிறது. 1844இல் நிலக்கரி தேடித் தோண்டியவர்களுக்கு அங்கே உப்புப் பாறை தட்டுப்பட்டது. ஏறக்குறைய 22 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வற்றிப்போன நீர்ப்பரப்பு விட்டுச்சென்ற உப்பு அது.

இந்தச் சுரங்கத்தைப் பற்றி வியப்பான செய்தி ஒன்று உண்டு. உப்பை வெட்டி எடுத்தபின் காலியாகக் கிடக்கும் அறைகளில் பழைய ஆவணங்களைச் சேமித்து வைக்கிறார்கள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகமும் தன் ஆவணங்களில் ஒரு பகுதியை அங்கேதான் வைத்திருக்கிறது. எதையும் அரித்துவிடும் என்று நாம் நினைக்கும் உப்பின் நடுவே காகிதம் பத்திரமாக இருக்கிறது. காரணம், அங்கே காற்று வறண்டிருக்கிறது. வறண்ட உப்பு தன்னால் எதையும் அரிப்பதில்லை. அது வேலையைத் தொடங்க வேண்டுமானால் நீர் வேண்டும்.

துரு ஒரு சின்ன மின்கலம்

துருப்பிடித்தல் என்பது இரும்பின் மேற்பரப்பில் நடக்கும் மின்வேதி வினை. ஈரமான இரும்புத் தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகி நீரில் இறங்குகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்கு ஓடுகின்றன. அங்கே நீரும் உயிர்வளியும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. பிறகு இரும்பு அயனிகளும் ஹைட்ராக்சைடு அயனிகளும் சந்திக்கின்றன. மேலும் உயிர்வளி சேர்ந்து செம்பழுப்புத் துரு உருவாகிறது.

எந்த மின்கலத்திலும் சுற்று முழுமையாக வேண்டும். இங்கே எலக்ட்ரான்கள் போக உலோகம் இருக்கிறது. ஆனால் அயனிகள் நீரின் வழியேதான் நகர வேண்டும். மழைநீரில் அயனிகள் குறைவு. அது ஒற்றையடிப் பாதை மாதிரி. உப்பு கரைந்துவிட்டால் அதே பாதை நெடுஞ்சாலை ஆகிவிடுகிறது. உப்பு இரும்பைத் தின்பதில்லை. நீரும் உயிர்வளியும் இரும்பைத் தின்ன வழி போட்டுக் கொடுக்கிறது.

உப்பு இன்னும் இரண்டு வேலைகள் செய்கிறது. முதலாவது, ஈரத்தை இழுத்துப் பிடித்து வைப்பது. மழைக்காலத்தில் வீட்டு உப்புச் சாடியில் உப்பு கசிந்து கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். பிரிட்டனின் குளிர்காலத்தில் ஈரப்பதம் அடிக்கடி அந்த அளவைத் தாண்டுகிறது. மழை பெய்யாத நாளிலும் வண்டியில் படிந்த உப்பு ஈரமாகவே இருக்கும்.

மூன்றாவது குழாயில் இருந்த கால்சியம் குளோரைடு ஞாபகம் இருக்கிறதா? கடுங்குளிர் நிலவும் வட அமெரிக்கப் பகுதிகளில் அதையும் சாலையில் பயன்படுத்துகிறார்கள். மூடிய குழாயில் ஈரத்தை உறிஞ்சி ஆணியைக் காப்பாற்றிய அதே பொருள், திறந்த சாலையில் ஈரத்தை உறிஞ்சி வண்டியின்மேல் கொண்டுவந்து ஒட்டவைக்கிறது. பொருளின் குணம் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

இரண்டாவது வேலை, கவசத்தை உடைப்பது. அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று தானாகவே உருவாகி அதைக் காக்கிறது. துருப்பிடிக்கா எஃகை அதிலுள்ள குரோமியத்தின் ஆக்சைடு காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் இந்தப் படலங்களைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கின்றன. மேலே ஊசிமுனை அளவு தெரியும் துளை, உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். ‘துருப்பிடிக்கா எஃகு’ என்ற பெயரை முழுக்க நம்பிவிட முடியாது.

மோட்டார் சைக்கிளுக்கு ஏன் அதிகப் பாதிப்பு?

காரின் எஞ்சின் மூடியின் கீழே ஒளிந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் எஞ்சின், புகைபோக்கிக் குழாய், செயின், பிரேக், மின்கம்பி இணைப்புகள் எல்லாம் வெளியே தெரியும்படி இருக்கின்றன. முன்சக்கரம் சாலையின் உப்புநீரை வாரி நேராக அவற்றின்மேல் தெளிக்கிறது.

அதோடு, ஒரே வண்டியில் பல உலோகங்கள் ஒட்டி உரசி நிற்கின்றன. அலுமினிய எஞ்சின் உடம்பில் எஃகு போல்ட் இறுக்கப்பட்டிருக்கும். நீங்கள் படித்த வினைத்திறன் வரிசையில் அலுமினியம் இரும்புக்கு மேலே இருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புநீர் புகுந்தால், மின்கலம் தயார். வினைத்திறன் மிகுந்த அலுமினியம் கரையும். வெண்மையான பொடி மரையின் இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் பட்டறையில் அந்த போல்டைக் கழற்ற முயன்றால், திருகு வராமல் தலை முறிந்து கையோடு வரும்.

அழகு கெட்டால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பிரேக் விஷயத்தில் அப்படி விட முடியாது. டிஸ்க் பிரேக்கில், கைப்பிடியை அழுத்தினால் பிரேக் எண்ணெய் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் கட்டையைச் சுழலும் தட்டின்மேல் அழுத்துகிறது. கையை எடுத்ததும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அதை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. அந்த வளையம் உட்கார்ந்திருக்கும் அலுமினியப் பள்ளத்தில் உப்பு புகுந்து வெண்பொடி சேர்ந்தால், அது வளையத்தைப் பிதுக்கிப் பிஸ்டனை இறுக்கிவிடும். பிறகு பிரேக் பிடித்தால் சரியாகப் பிடிக்காது. விட்டால் சரியாக விடாது. கட்டை எப்போதும் உரசிச் சூடேறும். அவசரத்தில் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும்.

முன்பக்க அதிர்வுத் தாங்கியிலும் இப்படி ஓர் ஆபத்து உண்டு. அதன் பளபளப்பான குழாயில் துருப் புள்ளிகள் விழுந்தால், அவை அரம்போல் ரப்பர் அடைப்பைக் கிழிக்கும். உள்ளிருக்கும் எண்ணெய் கசிந்து வழியும். வழியும் எண்ணெய் பிரேக்கில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் யார்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று கேட்கலாம். வேலைக்குப் போகிறவர்கள், உணவு கொண்டு சேர்ப்பவர்கள் என்று பலர் ஓட்டுகிறார்கள். பிரிட்டனில் ‘ரத்த பைக்’ தொண்டர்கள் என்று ஒரு பிரிவினரும் உண்டு. இரவிலும் வார இறுதியிலும், மருத்துவமனைகளுக்கிடையே ரத்தத்தையும் பரிசோதனை மாதிரிகளையும் கட்டணமின்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள். அவர்களுடைய வண்டியின் பிரேக், உப்புச் சாலையிலும் வேலை செய்தாக வேண்டும்.

சுற்றைத் துண்டிப்பது எப்படி?

உலோகம், நீர், உயிர்வளி, வழி போட்டுக் கொடுக்கும் உப்பு. இந்த நான்கும் கூடினால்தான் சேதம் வேகமாக நடக்கும். பாதுகாப்பு முறைகள் எல்லாம் இவற்றில் ஏதோ ஒன்றை விலக்குகிற வேலைதான். ஒவ்வொரு முறையையும் பார்க்கும்போது எது விலக்கப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

குளிர்காலம் தொடங்குமுன் வண்டியை நன்றாகக் கழுவி, முழுக்க உலர்த்தி, உலோகப் பகுதிகளில் மெல்லிய எண்ணெய் அல்லது மெழுகுப் படலம் பூசுவார்கள். இரண்டாவது குழாயில் நீரின்மேல் நின்ற எண்ணெய், உயிர்வளியை உள்ளே விடவில்லை. இங்கே எண்ணெய் உலோகத்தின்மேலேயே நின்று நீர், உயிர்வளி இரண்டையும் தடுக்கிறது. பிரிட்டன் ஓட்டுநர்களிடையே பெயர் பெற்ற ‘ஏசிஎஃப்-50’ என்னும் தெளிப்பான், முதலில் விமானங்களின் உலோகப் பகுதிகளைக் காக்க உருவாக்கப்பட்டது. உலர்த்தாமல் பூசினால் உப்பையும் ஈரத்தையும் நாமே உள்ளே வைத்து மூடியதாகிவிடும். அதனால்தான் கழுவுவதும் உலர்த்துவதும் முதலில் வருகின்றன.

போல்ட் மரைகளில் கிரீஸ் தடவுவதும், மின் இணைப்புகளில் அதற்குரிய சிலிக்கோன் கிரீஸ் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இடுக்கில் கிரீஸ் இருந்தால் உப்புநீருக்கு இடமில்லை. வண்ணப்பூச்சு பெயர்ந்த இடங்களையும் முன்கூட்டியே பூசி அடைத்துவிட வேண்டும்.

ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது. பிரேக் தட்டு, பிரேக் கட்டை, டயர் ஆகிய மூன்றிலும் எண்ணெயோ தெளிப்பானோ ஒரு துளியும் படக்கூடாது. அந்த மூன்றும் உராய்வால் வேலை செய்பவை. எண்ணெய் உராய்வைக் குறைக்கும். தவறிப் பட்டுவிட்டால், அதற்குரிய பிரேக் துப்புரவுத் திரவத்தால் தட்டைத் துடைக்க வேண்டும். எண்ணெய் ஊறிய கட்டையை மாற்றாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக்கூடாது. தட்டின் முகத்தில் ஓரிரவில் படியும் மெல்லிய துரு, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தாலே தேய்ந்துவிடும். அதற்குப் பயந்து யாரும் எண்ணெய் தடவ வேண்டாம்.

உப்புச் சாலையில் போய் வந்ததும் வண்டியைக் கழுவிவிடுவது அடுத்த முறை. இதில் விலக்கப்படுவது உப்பு. சோப்புகூடத் தேவையில்லை, மெதுவாகப் பாயும் குழாய் நீர் போதும். சக்கரங்கள், பிரேக்கின் உட்புறம், எஞ்சினின் அடிப்பகுதி, மட்கார்டின் உள்பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் நீர் அதிகம் பட வேண்டும். அழுத்தமாகப் பீய்ச்சும் இயந்திரத்தைப் பயன்படுத்தினால், அது உப்புநீரை ரப்பர் அடைப்புகளைத் தாண்டி உருளைத் தாங்கிகளுக்குள் தள்ளிவிடும். நாம் பூசிய எண்ணெய்ப் படலத்தையும் பெயர்த்துவிடும். பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். அது கொழுப்பைக் கரைப்பதற்கென்றே செய்யப்பட்டது. நம் எண்ணெய்ப் படலத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். போதாக்குறைக்கு, அப்படிப்பட்ட திரவங்கள் பலவற்றில் கெட்டித்தன்மைக்காக உப்பே சேர்க்கப்படுகிறது.

சுடுநீரா, குளிர்நீரா?

உங்களிடம் ஒரு கேள்வி. உப்பைக் கழுவச் சுடுநீர் நல்லதா, குளிர்நீர் நல்லதா? சூடான தேநீரில் சீனி சட்டென்று கரைவதைப் பார்த்த நாம் ‘சுடுநீர்’ என்றுதான் சொல்வோம். எண்களைப் பாருங்கள். 100 கிராம் நீரில், 0 டிகிரியில் ஏறக்குறைய 180 கிராம் சீனி கரையும். 100 டிகிரியில் 480 கிராமுக்கும் மேல் கரையும். உப்போ 0 டிகிரியில் 36 கிராம், 100 டிகிரியில் 39 கிராம். சீனிக்கு இரு மடங்குக்கு மேல் வித்தியாசம். உப்புக்கு மூன்றே கிராம். குழாய் நீர் தாராளமாக ஓடும்போது அந்த மூன்று கிராம் ஒரு பொருட்டே இல்லை.

மறுபக்கம், வெப்பநிலை கூடினால் வேதிவினைகளின் வேகம் கூடும். துருப்பிடித்தலும் வேதிவினைதான். உப்பு முழுக்கப் போகுமுன் உலோகத்தைச் சூடாக்குவதில் நமக்கு ஆதாயமில்லை. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் குளிர்நீரே போதும் என்பார்கள். வேதியியலும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

வண்டியை நிறுத்தி வைக்கும் இடத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். வெளியே உறையும் குளிர். பாவம் என்று உப்பு படிந்த வண்டியைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்து விடுகிறோம். அங்கே பனிக்கட்டி உருகி உப்புநீராகிறது, வெப்பமும் கூடுகிறது. துருவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கழுவாத வண்டிக்குக் கதகதப்பு நன்மை செய்யாது. கழுவி, உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துவதே சரி. ஈரமான வண்டியைப் பிளாஸ்டிக் உறையால் இறுக மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

செயினைக் கழுவியபின் துடைத்து, அதற்குரிய எண்ணெய் இட வேண்டும். அப்போது எஞ்சின் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைத்து விரலை இழந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கழுவிய உடனே பிரேக் ஈரமாக இருக்கும். அதனால் முதலில் மெதுவாக ஓட்டி, ஓரிரு முறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாலைக்கு ஏற வேண்டும்.

நம் ஊரில் பனி இல்லையே!

பனி இல்லை, ஆனால் கடல் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கடற்கரையோரம் குடியிருப்பவர்களின் வண்டிகளில் உப்புக் காற்று நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. கிள்ளான் துறைமுகம் போன்ற இடங்களில் கடல் பெருக்கு சாலைக்கு ஏறும் நாட்களில், வண்டிகள் உப்புநீரிலேயே ஓடுகின்றன. நம் இரவுகளில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். வெப்பமோ ஆண்டு முழுவதும் உண்டு. பிரிட்டன் ஓட்டுநருக்குக் குளிர்காலத்தோடு முடிகிற வேலை, கடலோரத்தில் வாழும் நமக்கு முடிவதே இல்லை.

உப்பு செய்வதை நீங்களே பார்க்கலாம். துத்தநாகப் பூச்சு இல்லாத சாதாரண இரும்பு ஆணிகள் நான்கை எடுத்து, சோப்பு நீரில் கழுவித் துடைத்து, மணல்தாளால் லேசாகத் தேயுங்கள். முதல் ஆணியைக் குழாய் நீரில் நனைத்த பஞ்சின்மேல் வையுங்கள். இரண்டாவதை உப்புநீரில் நனைத்த பஞ்சின்மேல் வையுங்கள். மூன்றாவதை உப்புநீர்ப் பஞ்சில் ஒரு மணி நேரம் மட்டும் வைத்து, பிறகு குழாய் நீரில் அலசி, துடைத்து, வெறும் தட்டில் வையுங்கள். நான்காவதில் சமையல் எண்ணெய் தடவி, உப்புநீர்ப் பஞ்சின்மேல் வையுங்கள். பஞ்சு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆணிக்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரம் உப்புநீர், பிறகு அலசல் என்று தொடருங்கள்.

ஐந்து நாள் கழித்து நான்கையும் வரிசையாக வைத்துப் படம் எடுங்கள். மூன்றாவது ஆணியையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால், ஒரு வாளி நீரின் மதிப்பு தெரியும். பிறகு வீட்டு மோட்டார் சைக்கிளின் அடிப்பகுதியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று அப்பாவிடமோ அண்ணனிடமோ கேளுங்கள். அவர்கள் பதில் சொல்வதற்குள், போல்டின் தலையிலிருக்கும் நிறமே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.